குறவர் கண்டதும் அரசர் கொண்டதும்
மங்கலதேவி மலைக்கு ஒரு நாள் பயணம் குறித்துச் சில குறிப்புகள்

1

எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்குப் புகார்க் காண்டமும் மதுரைக் காண்டமும்தான் நடத்தப்பட்டன. வஞ்சிக் காண்டம் வந்தபோது பருவம் முடிந்துவிட்டது. 'அதிகமாக் கேட்க மாட்டாங்க, நீங்களே படிச்சுக்குங்க' என்றார்கள். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு வையைக் கரையோடு மேற்கே நடக்கத் தொடங்கும் இடத்தில் எங்கள் பாடத்திட்டம் நின்றுபோனது. அவள் நடந்து சென்ற திசையில், கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவன் நான். விடுபட்ட அந்தக் காண்டத்தை ஜீப்பில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருந்தது.

2024 ஏப்ரல் 23, சித்ரா பௌர்ணமி. தமிழக-கேரள எல்லையில், கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறை மலையுச்சியில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒருமுறை மக்களுக்குத் திறந்துவிடப்படுகிற நாள். தேனியில் வேன் ஏற்பாடு செய்திருந்தார்கள். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று விடியுமுன்பே கடந்து, லோயர் கேம்ப்பில் மலையேறிக் குமுளியில் இறங்கி, அங்கே வரிசையில் நின்று ஜீப் மாற வேண்டும். குமுளியிலிருந்து காட்டுக்குள் ஏறத்தாழ பதினான்கு கிலோமீட்டர் மண்சாலை. காலையில் ஏறினால் மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் கூடாது, மது கூடாது, இரவு தங்கல் கூடாது. இரு மாவட்ட நிர்வாகங்களும், இரு மாநிலப் போலீசும், வனத்துறையும் சேர்ந்து நடத்துகிற ஒரு நாள் அது.

இந்த முறை அதற்குக் கூடுதலாக ஒரு விசேஷம் இருந்தது. தேனியில் நாங்கள் ஏப்ரல் 19ஆம் தேதியே ஓட்டுப் போட்டு முடித்திருந்தோம். எங்கள் விரலில் மை காயவில்லை. இடுக்கியில் 26ஆம் தேதிதான் வாக்குப்பதிவு. குமுளிச் சுவர்களில் வேட்பாளர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லை என்பது பூமியில் போட்ட கோடு மட்டுமல்ல, அது நாட்காட்டியிலும் ஓடுகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்களோடு வழிகாட்டியாக வந்தவர் முப்பதைத் தாண்டாத இளைஞர், நன்றாகப் பேசக்கூடியவர். லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தைக் காட்டியதிலிருந்து உச்சி சேரும்வரை அவர் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்: 'சார், இது நம்ம கோயில். நம்ம சேரன் கட்டுனது. நம்ம தாயி இங்கதேன் விண்ணுக்கு ஏறுனா. இன்னைக்கு அவன் ரோட்டுல, அவன் கேட்டுல, அவன் சொல்ற டைமுக்கு ஏறிப் போறோம் பாத்தீங்களா.'

கோயிலைச் சுற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டு வரும் சொல்லாடல் முழுவதும் இந்த நான்கு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. 'நம்ம' என்பதும் 'அவன்' என்பதும் இதில் எப்படிக் கட்டப்படுகின்றன, இந்தக் கட்டமைப்புக்குள் வராமல் போகிறவர்கள் யார் என்பதைப் பற்றியே இக்கட்டுரை. வழிகாட்டியை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்ன கதையை எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தான்: தமிழ் படித்தவர்கள், மேடையில் பேசியவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள்.

2

வஞ்சிக் காண்டத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு பார்ப்போம். அதன் முதல் காதை குன்றக்குரவை. மலைமேல் வேங்கை மரத்து நிழலில் ஒரு மார்பு இழந்த பெண் நிற்கிறாள். குறவர்கள் பார்க்கிறார்கள். அவர்கள் செய்கிற முதல் காரியம் அவளை வணங்குவது இல்லை, விசாரிப்பது. யாரம்மா நீங்கள், உங்களைப் பார்த்து எங்கள் மனசு நடுங்குகிறதே என்று கேட்கிறார்கள். அவள் சினமில்லாமல் பதில் சொல்கிறாள்: ஊழ் உருத்து வந்தது, மதுரையோடு கணவனை இழந்தேன், அந்தக் கொடுவினையாட்டி நான்தான் என்று. பிறகு அவள் விண்ணேறுவதைக் குறவர்கள் கண்ணால் காண்கிறார்கள். இவளைவிடப் பெரிய தெய்வம் நம் குலத்துக்கு இல்லை என்று பறையடித்துக் குரவை ஆடுகிறார்கள். கண்ணகி வழிபாடு என்று ஒன்று உண்டென்றால் அது இந்த இடத்தில் தொடங்கி இந்த இடத்தில் முழுமை பெற்றுவிட்டது. கோயில் கட்டவில்லை. அரசன் வரவில்லை. பார்ப்பனர் வரவில்லை.

அடுத்தது காட்சிக் காதை. பெரியாற்றங்கரையில் மலைவளம் காண வந்து தங்கியிருக்கும் செங்குட்டுவனைப் பார்க்கக் குறவர்கள் காணிக்கை சுமந்து வருகிறார்கள். தந்தம், அகில், தேன்குடம், சந்தனம் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஏலக்கொடியும் மிளகுக்கொடியும் உண்டு. காணிக்கையோடு சேர்த்துத் தாங்கள் கண்டதையும் அரசனிடம் ஒப்படைக்கிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து கதை அவர்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. கல் எங்கிருந்து எடுப்பது என்று பேச்சு வருகிறது. பொதியில் மலைக் கல்லும் காவிரி நீரும் அரசனின் வீரத்துக்குப் போதவில்லை. இமயக் கல்லும் கங்கை நீரும் வேண்டும். ஒரு பெண்ணுக்குச் சிலை எடுப்பது வடநாட்டுப் படையெடுப்பாக மாறுகிறது. கனக விசயர் தலையில் கல் ஏறுகிறது. நீர்ப்படை, நடுகல், வாழ்த்து, வரம் என்று கால்வாசி நூல் அரச விழாவாக நடக்கிறது. இலங்கையிலிருந்து கயவாகு வேந்தன் வந்து நிற்கிறான். வேங்கை நிழலில் முதலில் கண்டவர்கள் இந்த விழாவில் எங்கே நின்றார்கள் என்று தேடிப் பாருங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

சிலப்பதிகாரத்தைத் தமிழ்த் தேசியக் காவியமாகப் படித்த திராவிட இயக்க வாசிப்பும், ம.பொ.சி. வழி வந்த வாசிப்பும் இந்த அரச விழாவில்தான் பெருமை கண்டன. பெண்ணடிமைத்தனத்தைப் போதிக்கும் நூல் என்று ஈ.வெ.ரா. பெரியார் அதை நிராகரித்தார். இரண்டும் கற்பு என்ற ஒற்றை அச்சில் சுழன்ற வாசிப்புகள். ஒன்று அதைத் தலையில் வைத்தது, மற்றது கீழே போட்டது. மூன்றாவதாக ஒரு வாசிப்புக்குப் பிரதியே இடம் கொடுக்கிறது. மலைமக்கள் கண்ட சாட்சியத்தை அரசு எப்படி வாங்கித் தன் கல்லாக மாற்றிக்கொள்கிறது என்பதன் விவரமான பதிவாக வஞ்சிக் காண்டத்தைப் படிக்கலாம். இளங்கோ இதை விமர்சனமாக எழுதினாரா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. குன்றக்குரவையை முதலில் வைத்துவிட்டுத்தான் அவர் அரசனை அழைத்து வருகிறார். எனக்கு அது போதும்.

3

அரசர்கள் மாறினார்கள், கல் எடுப்பது நிற்கவில்லை. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8000 ஏக்கர். 1895இல் அணை முடிந்து மேற்கே போன தண்ணீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் நாங்கள் இருபோகம் நெல் அறுத்ததும் திராட்சை போட்டதும் அந்தத் தண்ணீரில்தான். 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அந்தத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தின் கசப்பு இந்த மலையடிவாரத்தில் இன்றும் தீரவில்லை. 1960களின் தொடக்கத்தில் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தானும் நடந்து தேடி வந்து இந்த இடிந்த கோயிலை அடையாளம் காட்டினார். தனியொரு மனிதரின் கால்கள் செய்த ஆய்வு அது. அதன் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது வந்து விழுந்த காலம் எல்லைத் தகராறின் காலம். 1978இல் பெரியாறு புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அப்புறம் வனச் சட்டமும் சேர்ந்துகொண்டது.

இப்படியாகத் தெய்வம் எல்லைக்கல் ஆனாள். கோயில் இருப்பது எந்தப் பக்கம், பாதை இருப்பது எந்தப் பக்கம், சர்வே என்ன சொல்கிறது என்பவை மட்டுமே கேள்விகள் ஆயின. நெடுவேள்குன்றம் என்பது திருச்செங்கோடு என்று பழைய உரை மரபு சொல்வதையும், கொடுங்கல்லூர்ப் பகவதியைக் கண்ணகியாகவே வணங்கும் மரபு கேரளத்தில் இருப்பதையும், மட்டக்களப்பில் வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி நடப்பதையும், சிங்கள பௌத்தர்கள் பத்தினி தெய்யோ என்று கும்பிடுவதையும் இந்த வாதத்தில் யாரும் பேசுவதில்லை. பேசினால் 'நம்ம' என்பதும் 'அவன்' என்பதும் நிற்காமல் சரியும். இவள் விசா இல்லாமல் கடல் தாண்டியவள்.

சென்னைக் கடற்கரையிலும் இதே கதைதான். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்த கண்ணகி சிலை 2001 டிசம்பரில் எடுக்கப்பட்டு 2006இல் திரும்ப வைக்கப்பட்டது. வைத்தவர், எடுத்தவர், திரும்ப வைத்தவர் எல்லோரும் அரசுகள். வைகைக் கரையோடு நடந்து போன பெண்ணைப் பற்றி அந்த ஐந்து வருஷத்துச் சண்டையில் ஒரு புது வார்த்தை பேசப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

4

மலையுச்சியில் சரிந்த கற்களுக்கு நடுவே சன்னிதிகள். ஒன்றில் தமிழ் முறையில் பூசை, இன்னொன்றில் கேரள முறையில் பூசை. கிழக்கே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது, மேற்கே காடு. பொங்கல் பொங்குகிறது, அன்னதானம் நடக்கிறது. பெண்கள் சந்தனக் காப்பிட்ட அம்மன் முன்னால் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள், வளையல் வாங்கிக்கொள்கிறார்கள்.

கொஞ்ச நேரம் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவனை அரசு கொன்றதால் தாலி இழந்த பெண் அவள். கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைத்துவிட்டு மேற்கு நோக்கிப் போனவள். அவள் முன்னால் நின்று தாலிக்கயிறும் வளையலும் வாங்குகிறார்கள். பெயரே மங்கலதேவி. கைம்பெண்ணை மங்கலமாக்கிக் கற்புக்குள் திரும்ப அடைத்த வேலை என்று இதைச் சுலபமாகக் கட்டுடைத்துவிடலாம். ஜீப்பில் ஏறும்வரை நானும் அப்படித்தான் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன்.

இறங்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா, கூடலூர்க்காரர். கையில் புதுக்கயிறும் அரைடஜன் பச்சை வளையலும் வைத்திருந்தார். வருஷா வருஷம் வருவீங்களா அக்கா என்று கேட்டேன்.

'வருசத்துக்கு ஒருக்கா சாமிக்கு, மத்த நாளெல்லாம் ஏலத்துக்கு. இருவத்தஞ்சு வருசமா இந்தக் கணவாய்ல ஏறி எறங்குறேன் தம்பி. கருக்கல்ல ஜீப்பு வரும். பொழுது சாய எறக்கி விடுவாங்க. இன்னைக்குத்தேன் நல்லா உக்காந்து வாரேன். மத்த நாளு மடியில ஒருத்தி, முதுகுல ஒருத்தி.'

கயிறு யாருக்கு என்றேன். 'மகளுக்கு. மாப்ள செத்து ரெண்டு வருசமாச்சு. கட்டிக்கிறாளோ இல்லையோ, பொட்டியில கெடக்கட்டும். இவளுந்தேன் அறுத்தவ. அறுத்தவகிட்ட வாங்குறதுல தப்பென்ன?'

என் குறிப்புப் புத்தகத்தை நான் பைக்குள் வைத்துவிட்டேன். நிறுவனம் கொடுக்கிற குறியை மக்கள் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு அந்த அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான். இந்த எல்லையை ஆண்டில் ஒரு நாள் கடப்பவர்களுக்காக இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசுகின்றன; குடிநீர், மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ், ஜீப்புக்குத் தகுதிச் சோதனை எல்லாம் ஏற்பாடாகின்றன. மிச்ச நாட்களில் இதே எல்லையைக் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குக் கடக்கிற பெண்கள் இருக்கிறார்கள். செங்குட்டுவன் காலடியில் குறவர்கள் இறக்கி வைத்த ஏலத்தை இன்றைக்குப் பறிக்கிறவர்கள் இவர்கள். இவர்கள் போகிற ஜீப்பில் எத்தனை பேர், விபத்து நடந்தால் எந்த மாநிலம் இழப்பீடு கொடுக்கும், மகப்பேறு எந்தக் கணக்கில் வரும் என்பதைப் பேச இரண்டு கலெக்டர்கள் ஆண்டுதோறும் கூடுவதாக நான் அறியவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சனை வெடித்துக் குமுளி அடைபட்டபோது முதலில் அடிவாங்கியதும், தோட்டங்களை விட்டுக் காட்டு வழியே இறங்கி ஓடி வந்ததும் இவர்கள் வீட்டு மனிதர்கள். 2020இல் கொரோனாவுக்காக எல்லை மூடியபோதும் கூலி போனது இவர்களுக்குத்தான். அந்த இரண்டு தடவையும் 'நம்ம' என்ற சொல்லை உரக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். 2011இல் ஊர்வலத்தில் நடந்தேன். அணையைப் பற்றிக் கவிதைகூட எழுதினேன். மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் எங்கே தங்கினார்கள் என்று போய்ப் பார்க்கவில்லை.

5

ஒரு நாள் மட்டும் எல்லை திறக்கிற புனிதப் பயணங்கள் உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. நமக்குப் பக்கத்தில் கச்சத்தீவு. 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனது. அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்து பாஸ்போர்ட் இல்லாமல் படகில் போய் வரலாம். ஆனால் அதே கடலில் மற்ற நாட்களில் மீன்பிடிக்கப் போனவன் சிறையில் இருக்கிறான். 2024 பிப்ரவரியில் இராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். சாமிக்கு மட்டும் வழி திறந்து சாப்பாட்டுக்கு மூடுகிற எல்லையை அவர்கள் அன்றைக்குச் சரியாகப் படித்தார்கள். பஞ்சாபில் கர்தார்பூர். 2019 நவம்பர் 9இல் திறந்த வழி. இருபது டாலர் கட்டணம், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். 2025 மே மோதலின்போது இந்தியா அதை நிறுத்தி வைத்தது.

விக்டர் டர்னர் போன்ற மானுடவியலாளர்கள் புனிதப் பயணத்தில் சமூக வேறுபாடுகள் தற்காலிகமாக உதிர்ந்து ஒரு சமத்துவம் பிறக்கிறது என்றார்கள். 1991இல் ஜான் ஈடும் மைக்கேல் சால்னோவும் தொகுத்த நூல் அதை மறுத்து, புனிதத் தலம் என்பது பல சொல்லாடல்கள் மோதுகிற களம் என்றது. மங்கலதேவியில் இரண்டுமே உண்மை. வரிசையில் மலையாளப் பாட்டியும் நம் ஊர்க்காரரும் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்ததை நான் பார்த்தேன். ஆனால் அந்தச் சமத்துவத்துக்கு மாலைக்குள் காலாவதித் தேதி குறித்திருக்கிறார்கள். திருவிழா நாளின் தாராளம் மற்ற நாட்களின் இறுக்கத்தை நியாயப்படுத்திக் கொடுக்கிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் வாசிப்பு முழுமையாகும்.

6

தமிழகப் பக்கம் பளியன்குடியிலிருந்து மலையுச்சிக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதைச் சாலையாக்கு என்பது இங்குள்ள பல அமைப்புகளின் நீண்ட நாள் கோரிக்கை. இதழ் நண்பர்கள் பலரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாலை வந்தால் வாசல் சாவி இந்தப் பக்கம் வரும். அவ்வளவுதானா நமக்கு வேண்டியது?

பளியன்குடி என்ற பெயரிலேயே பளியர் இருக்கிறார்கள். பாதை அவர்கள் காட்டில் போகிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி அவர்கள் கிராம சபைக்குச் சொல்ல ஒரு வார்த்தை உண்டு. கோரிக்கை மனுக்களில் அந்த வார்த்தையை நான் காணவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் மன்னான் பழங்குடியினர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் ஆடும் மன்னான் கூத்தின் கதையே கோவலன் கண்ணகி கதைதான். குன்றக்குரவைக்கு உயிருள்ள உறவு எங்காவது இருக்கும் என்றால் அங்கேதான் இருக்கும். நம் கருத்தரங்குகளுக்கு அவர்கள் அழைக்கப்படுவதில்லை. அழைத்தாலும் இடைவேளையில் ஆடச் சொல்வோம்.

ஆகவே என் பக்கத்துக் கோரிக்கை இது. கோயில் பற்றி இரண்டு அரசுகளும் கூடுகிற அதே மேசையில் தோட்டத் தொழிலாளரின் ஜீப்பும், விபத்து இழப்பீடும், எல்லை அடைபடுகிற நாட்களின் கூலியும் பேசப்பட வேண்டும். பாதை பற்றிய முடிவு பளியர் கிராம சபையில் தொடங்க வேண்டும். இதைக் கேட்காமல் கோயிலை மட்டும் கேட்பவர்கள் செங்குட்டுவன் பக்கம் நிற்கிறார்கள். காணிக்கையை வாங்கிக்கொண்டு, கண்டவனை அனுப்பிவிட்டு, கல்லைத் தேடிப் போகிறார்கள். இதில் எனக்குத் தவறு இருந்தால் தோழர்கள் எழுதுங்கள். முக்கியமாகக் கம்பம், கூடலூர் தோழர்கள்.

குமுளியில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. சோதனைச் சாவடியில் எந்த ஊரு, எத்தனை பேரு, பையில என்ன என்று கேட்டார்கள், சொன்னோம். வேங்கை நிழலில் குறவர் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் அவர்கள் பதிலைக் கேட்க நின்றார்கள். அந்த அக்கா கூடலூர் பஸ்ஸில் ஏறுமுன் சொல்லிவிட்டுப் போனார்: 'வாரேன் தம்பி. காலையில நாலு மணிக்கு ஜீப்பு.'